முப்பத்திரண்டு புரட்டு

இன்று காலையில் நன்றாகச் சாப்பிட்டேன். நேற்று குறைவில்லாமல் தூங்கினேன். ஆகையால் பசி மயக்கத்திலோ தூக்கக் கலக்கத்திலோ எழுதியது என்று யாரும் இதை ஒதுக்கிவிட முடியாது. விஷயம் இதுதான்: ஓர் ஆஸ்பத்திரி அறையை, ஜன்னல், கதவு, கை கழுவும் தொட்டி எல்லாம் சேர்த்து, முப்பத்திரண்டு முறை புரட்டிப் போட்டவன் நான். உள்ளே கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள்; அவளுக்குத் தெரியாது. கதவுக்கு வெளியே ஐம்பது பேர் நடமாடிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை.

இந்த மருத்துவமனையின் நிர்வாக அலுவலர் நீங்கள். நடந்ததை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தந்தால் கோப்பில் வைத்துவிடலாம் என்றீர்கள். ஒரு பக்கத்தில் அடங்குகிற மாதிரி நான் இதுவரை எதுவுமே செய்ததில்லை, அதற்கு மன்னிக்க வேண்டும். நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். அந்தந்த நேரத்தில் எனக்கு என்ன தெரிந்ததோ அதை மட்டும் எழுதுகிறேன்.

நான் நாடக அரங்கில் முப்பத்தாறு வருஷம் சீன் தள்ளியவன். பார்க்கிறவர்களுக்கு அரண்மனையும் காடும் தெரியும், என்னைத் தெரியாது. ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு தட்டிகள், ஒரு பக்கம் அரண்மனை, மறுபக்கம் காடு, கீழே சக்கரம். விளக்கு அணைந்து மறுபடி எரிவதற்குள் அத்தனையையும் திருப்ப வேண்டும். அதற்கு எங்கள் தொழிலில் புரட்டு என்று பெயர். நாற்பது நொடியில் ஓசையில்லாமல் புரட்டுவேன். ஆகையால் என் பெயரும் புரட்டு ஆயிற்று. என் வாய்க்காகத்தான் அந்தப் பெயர் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஒருமுறை நான் மேடையில் பெய்ய வைத்த மழையில் முதல் வரிசையில் ஏழு பேருக்கு ஜலதோஷம் பிடித்தது என்று சொல்வேன். ஏழு பேர் இல்லை. ஒருவர் தும்மினார். அது நிஜம்.

என் மனைவி கணக்கு டீச்சர். நான் எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துவிட்டுத்தான் காதில் வாங்குவாள். "நூறு பேர் கை தட்டினாங்கன்னா பத்துப் பேர்னு வெச்சுக்கலாம். அதுலயும் ரெண்டு பேர் கொசு அடிச்சிருப்பாங்க" என்பாள். என் மகள் அதைவிட மோசம். அப்பா சொல்றதைக் கழுவிட்டுத்தான் எடுத்துக்கணும் என்பாள். அந்த வீட்டில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

போன வருஷம் என் மனைவிக்கு வயிறு உப்பியது. வாயு என்றாள். பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டிக்கொண்டாள். நாடா தீர்ந்துபோன பிறகுதான் இங்கே வந்தோம். சினைப்பையில் புற்றுநோய். டாக்டரம்மா அறுவை செய்து எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்தார். பிறகு விலா எலும்புக்கு மேலே, தோலுக்கு அடியில், சட்டைப் பொத்தான் அளவு ஒரு சின்ன வாசல் வைத்தார். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வயிற்றுக்குள் போகிறது.

அன்றைக்கு அவர் எங்களுக்கு விளக்கியது அப்படியே நினைவிருக்கிறது. "நரம்புல போடற மருந்து ஊரெல்லாம் சுத்திட்டு வரும்மா. இது நேரா வயித்துக்குள்ள போகும். நோயோட துகள் எல்லாம் அங்கதான், உள்சுவர்ல ஒட்டிக்கிட்டிருக்கும். மருந்து அதைப் போய்த் தொடணும். ரெண்டு லிட்டர் தண்ணியோட உள்ள விட்டுட்டு, உங்களை இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு புரட்டிக்கிட்டே இருக்கணும். அப்பதான் மூலை முடுக்கெல்லாம் போகும்."

"பாட்டில் கழுவுற மாதிரி" என்றாள் என் மனைவி.

"அதேதான்."

"மூடியை மட்டும் மறக்காம மூடிடுங்க டாக்டர்."

டாக்டரம்மா சிரித்தார். நானும் சிரித்தேன்.  

மருந்து ஏற்றும் அறை சின்னது. நடுவில் கட்டில். ஒரு பக்கம் ஜன்னல், எதிர்ப்பக்கம் கதவு. ஏற்றுகிற வேலை ஒரு நர்ஸம்மாவுடையது. நடக்கும்போதெல்லாம் உதட்டுக்குள் சீட்டி அடிப்பார், ஆகவே நான் அவருக்கு விசில் சிஸ்டர் என்று பெயர் வைத்தேன். அவரே ஊசி குத்தி, பையைத் தொங்கவிட்டு, முடியும்வரை பார்த்துக்கொள்வார். வாந்தி வராமல் இருக்க ஓர் ஊசி போடுவார். அதில் கண் செருகும். மருந்து முழுக்க உள்ளே போனதும் ஊசியை எடுத்துப் பஞ்சு ஒட்டுவார். அதன் பிறகு இரண்டு மணி நேரம், கால் மணிக்கு ஒருமுறை, வலது பக்கம், இடது பக்கம் என்று மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். அதற்கு ஓர் அட்டை. அட்டையில் எட்டுக் கட்டம். மேலே தலைப்பு: புரட்டு.

"தாத்தா, எனக்கு ஆறு ரூம் இருக்கு. அரை மணிக்கு ஒரு தடவை எட்டிப் பாப்பேன். நடுவுல நீங்க புரட்டி விட்டுடுவீங்களா? தெரியுமா?"

"சிஸ்டர், என் பேரே அதுதான்" என்றேன்.

என் மனைவி கட்டிலிலிருந்து சொன்னாள்: "அவர் சொல்றது நிஜம்தான் சிஸ்டர். ரெண்டு அர்த்தத்துலயும்."

சிஸ்டர் பென்சிலை என் கையில் கொடுத்தார். இனி நான் எழுதுவதெல்லாம் அந்தப் பென்சிலுக்குப் பிறகு நடந்தவை.

முதல் தடவை. முதல் கட்டம் வலது. அவள் ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாள், சுகமாகத்தான் இருந்தாள். கால் மணி ஆனதும் எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டேன். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். இடது பக்கமாகத் திருப்பினேன். உள்ளே தண்ணீர் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவள் "ம்" என்று ஒரு சத்தம் போட்டாள். அவ்வளவுதான். முகம் சுண்ணாம்பானது. உதடு நீலமானது. கண் திறந்தே இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

தலைமாட்டில் ஒரு மணிப்பொத்தான் இருந்தது. அதை அழுத்தியிருக்கலாம். என் கை அவள் தோளிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. பத்து நிமிஷம் அப்படி நின்றேன் என்று பிறகு எனக்குள் சொல்லிக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தின்படி பதினைந்து நொடி. அந்தப் பதினைந்து நொடியில் நான் நினைத்தது ஒன்றே ஒன்று, அதை மாற்றாமல் எழுதுகிறேன்: என் கையால் போய்விட்டாள்.

பிறகு அவளுக்கு மூச்சு வந்தது. "என்னங்க, ஏன் அழறீங்க?" என்றாள். அவளை மறுபடி வலது பக்கமே படுக்க வைத்தேன். விசில் சத்தம் நெருங்கியது. சிஸ்டர் தலையை நீட்டி, "எல்லாம் சரியா தாத்தா?" என்றார்.

"பிரமாதம்" என்றேன்.

அன்று மீதி இருந்த கட்டங்களில் நான் அவளைத் தொடவில்லை. டிக் மட்டும் போட்டேன். டிக் நேராகத்தான் விழுந்தது. அவள் அயர்ந்து தூங்கினாள். நோயாளிக்குத் தூக்கத்தைவிட நல்ல மருந்து உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

மயக்கம் வந்ததைச் சிஸ்டரிடம் சொல்லியிருக்கலாமே, அவரையே புரட்டச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் மகளும் கேட்டாள். கேள்வி நியாயமானது. என் பேரே அதுதான் என்று சொன்ன மனுஷன், ஒரே ஒரு புரட்டில் தோற்றுப்போய்ப் பென்சிலைத் திருப்பிக் கொடுப்பதா? அது ஒரு காரணம். இன்னொன்று, சிஸ்டர் வந்தால் புரட்டிவிடுவார். கண்டிப்பாகப் புரட்டிவிடுவார். மறுபடி அந்த உதடு நீலமாவதை நான் பார்க்க வேண்டியிருக்கும்.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது தடவை. பயத்துக்குக் கால் முளைத்திருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அது எனக்கு முன்னால் நடந்துபோனது. இந்த முறை அவள் பாதித் தூக்கத்தில் கேட்டாள்: "ஏங்க, நேரமாயிடுச்சே. இந்தப் பக்கம் திருப்பலையா?"

"இப்பதானே திருப்பினேன். மறுபடி வலது பக்கம் வந்தாச்சு. ஞாபகம் இல்லையா?"

"இல்லையே."

"ஊசி வேலை செய்யுது" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடி அதே பதில். அவள் நெற்றியைச் சுருக்கி எதையோ கூட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு, "அப்படியா" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனதும் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மாவுக்கு ஞாபகம் கொஞ்சம் தவறுகிறது, மருந்து அப்படித்தான் செய்யும், ஒன்றும் பெரிதுபடுத்தாதே என்று சொன்னேன். ஒரு முன்யோசனைதான். என் மனைவி பாட்டுக்கு மகளிடம் "அப்பா என்னைத் திருப்பவே இல்லை" என்று சொல்லித் தொலைத்தால் வீண் குழப்பம். அன்றிலிருந்து மகள் தன் அம்மாவிடம் மெதுவாகவும் சத்தமாகவும் பேச ஆரம்பித்தாள். பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்கிற பொம்பளை, அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு முறை போய்ப் பார்க்க ஆரம்பித்தாள். அதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆனால் வெறும் வாய் எத்தனை நாள் தாங்கும்? கண்ணுக்கு ஒரு காட்சி வேண்டும். அது எனக்குத் தெரியாதா? ஆளைத் திருப்ப முடியாவிட்டால் அரண்மனையைத் திருப்ப வேண்டும். முப்பத்தாறு வருஷம் அதைத்தானே செய்தேன். நடிகர் நின்ற இடத்தில்தான் நிற்கிறார். காடு அவரைத் தேடி வருகிறது.

கட்டிலுக்கு நான்கு சக்கரம். காலால் ஒரு மிதி மிதித்தால் பூட்டு கழலும். மூன்றாவது தடவை போகும்போது சின்ன மருந்துக் குப்பியில் தையல் மெஷின் எண்ணெய் எடுத்துப் போனேன். சிஸ்டர் அடுத்த அறைக்குப் போனதும் குனிந்து, சக்கரத்துக்கு இரண்டாக எட்டு அச்சிலும் விட்டேன். அவள் கையில் ஏறிக்கொண்டிருந்த உப்புநீர்ப் பையின் கம்பத்துக்கும் சக்கரம், அதற்கும் விட்டேன். மேஜைமேல் இருந்த தண்ணீர்க் கூஜா, மூக்குக்கண்ணாடிக் கூடு, அவளுடைய செருப்பு, என் நாற்காலி ஒவ்வொன்றுக்கும் எங்கே போய் நிற்க வேண்டும் என்று தரையில் கரித்துண்டால் புள்ளி வைத்தேன். இரண்டாம் கட்டம். அவள் வலது பக்கமாகவே கண் மூடிப் படுத்திருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பூட்டை எடுத்தேன். தலைமாடு கால்மாடாக, கால்மாடு தலைமாடாக, ஒரு பொட்டு ஆடாமல் கட்டிலைச் சுற்றினேன். முப்பத்தெட்டு நொடி. இதை வகுக்க வேண்டாம்.

"கண்ணைத் திற. பாரு, திருப்பியாச்சு. எதிர்ல என்ன தெரியுது?"

அவள் திறந்தாள். ஜன்னல் இருந்த இடத்தில் கதவு இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கதவு" என்றாள்.

"இடது பக்கம்தானே கதவு?"

"ஆமா. இடது பக்கம்தான் கதவு."

வலி இல்லை, வாந்தி இல்லை, உதடு ரோஜா நிறம். அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைத்து எழுதினால் இது வாக்குமூலமே இல்லை. ஓய்வு பெற்றுப் பதினொரு வருஷம் கழித்து மறுபடி விளக்கு அணைந்து எரிந்திருக்கிறது. ஒருமுறை சிஸ்டர் முன்கூட்டியே வந்துவிட்டார். வாசலில் நின்று பார்த்தார். நோயாளி கதவைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். அப்படியென்றால் இடது பக்கம். "சூப்பர் தாத்தா" என்று சொல்லிவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டு போனார். கட்டில் தலைகீழாக நிற்பது அவர் கண்ணில் படவே இல்லை. எத்தனை ராஜா ராணி நடித்த மேடையிலும் எனக்கு அப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை.

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. ஒவ்வொரு தடவையும் அறை நான்கு முறை போய் நான்கு முறை திரும்பும். முப்பத்திரண்டு. ஆறு அட்டை, அத்தனை கட்டத்திலும் டிக், அடியில் என் கையெழுத்து. அவள் இடது பக்கம் மட்டும் மருந்தைப் பார்க்கவில்லை, முதல் நாள் பதினைந்து நொடியைத் தவிர. பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ஒவ்வொரு முறையும் சக்கரப் பூட்டை எடுக்கும்போது அது வந்து பக்கத்தில் நிற்கும். ஆனால் அது பழகின பயம்.

ஆறும் முடிந்து ஐந்தாம் மாதம் ஸ்கேன். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். வலது பக்கம், நடுப்பக்கம், அடிவயிறு எல்லாம் துடைத்துவிட்ட பலகை. இடது பக்கம், விலாவுக்குக் கீழே, உள்ளே தள்ளி, நெல்லிக்காய் அளவில் ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் மிளகு அளவில் இரண்டு.

"மருந்து தொட்டும் இது வளர்ந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. "அப்படின்னா இந்த மருந்து இதுக்கு இனிமே ஆகாது. வேற ஒண்ணு தரேன். அது இதை அழிக்காது. கொஞ்ச நாள் தள்ளிப் போடும்."

"கொஞ்ச நாள்னா எவ்வளவு டாக்டர்? நான் கணக்கு டீச்சர், நம்பரா சொல்லுங்க" என்றாள் அவள்.

டாக்டரம்மா நம்பராகச் சொன்னார். அது சின்ன நம்பர். பத்தால் வகுக்க அதில் ஒன்றும் இல்லை.

தொட்டும் என்ற அந்த ஒரு சொல்லோடு நான் மூன்று வாரம் வீட்டுக்குள் நடந்தேன். மருந்து தொடவே இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். அதைச் சொன்னால் அவளுக்கு ஏதாவது வழி பிறக்குமோ என்றுகூட யோசித்தேன். மூன்று வாரமும் யோசித்தேன். தட்டில் சாப்பாடு இருந்தது, சாப்பிட்டேன். பேப்பர் வந்தது, படித்தேன். நோய் கொண்டுபோனால் அது நோயின் வேலை; என் கையில் போயிருந்தால் அது என் வேலை ஆகியிருக்கும். இதுதான் அப்போது எனக்குள் ஓடிய கணக்கு. அது எவ்வளவு சுத்தமான கையெழுத்தில் வருகிறது என்று எழுதிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

புது மருந்து ஆரம்பிக்கிற அன்று, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மகளிடம் சொன்னேன்.

"அப்பா, தயவுசெஞ்சு இன்னைக்கு மட்டும் வேண்டாம்" என்றாள். "கதை கேக்கற நிலைமைல நான் இல்ல."

"கதை இல்லம்மா."

"ரூமைப் புரட்டினீங்களா? ஏன், மாடியைக் கழட்டி மாட்டலையா?"

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் அட்டைகளை எடுத்து வரச் சொன்னார். ஆறிலும் டிக் நேராக இருந்தது. விசில் சிஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நானே பாத்திருக்கேன் டாக்டர், கதவைப் பாத்துப் படுத்திருப்பாங்க" என்றார் அவர். எல்லாரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். வருத்தத்தில் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்ற பார்வை.

நான் பொய் சொன்ன காலத்தில் ஒருத்தராவது நம்பினார்கள். ஆகவே செய்து காட்டுகிறேன் என்றேன். அதே அறை காலியாக இருந்தது. சிஸ்டரை வலது பக்கமாகக் கட்டிலில் படுக்கச் சொன்னேன், கண்ணை மூடச் சொன்னேன். டாக்டரம்மாவும் மகளும் சுவரோரம் நின்றார்கள். என் மனைவி சக்கர நாற்காலியில், மடியில் பையோடு. பூட்டை எடுத்தேன். எண்ணெய் இன்னும் காயவில்லை.

"திறங்க சிஸ்டர்."

சிஸ்டர் கண்ணைத் திறந்தார். "அய்யோ, ஜன்னல் எங்க?" என்றார். பிறகு எழுந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கியது. "டாக்டர், நான் இதைத்தான் பாத்தேன்" என்றார். "நான் பாத்தது இதைத்தான்."

மகள் என்னிடம் கேட்டது வேறு. "அப்போ அம்மாவுக்கு மறதின்னு சொன்னீங்களே."

"அதுவும் நான்தான்" என்றேன்.

அவள் என்னை விட்டு இரண்டு அடி தள்ளிப் போய் நின்றாள். அந்த இரண்டு அடி இன்னும் அப்படியே இருக்கிறது.

ஒரே ஒருத்திதான் நம்பவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தவள் சிரித்தாள். "டாக்டர், இவர் சொல்றதை எடுத்துக்காதீங்க. இப்ப பண்ணிக் காட்டினாரே, அது இவர் தொழில். எதை வேணும்னாலும் புரட்டுவார். ஆனா என்னை ஒழுங்காத்தான் புரட்டினார். கால் மணிக்கு ஒரு தடவை. என் உடம்பு எனக்குத் தெரியாதா? ஏதோ பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டா எனக்கு நோய் குறையும்னு நினைக்கறார். பாவம்."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறேன்.

டாக்டரம்மா முட்டி போட்டு அவள் உயரத்துக்கு உட்கார்ந்தார். "அம்மா, நல்லா கேளுங்க. திருப்பினா மருந்து எல்லா இடத்துக்கும் கண்டிப்பா போகும்னும் என்னால சொல்ல முடியாது, திருப்பலைன்னா போகவே போகாதுன்னும் சொல்ல முடியாது. ஆனா இது ரொம்ப முக்கியம். உங்களைத் திருப்பியிருந்தா, அந்த மருந்து தோத்துடுச்சு. கதவு மூடியாச்சு. திருப்பவே இல்லைன்னா, அது இடது பக்கம் தோக்கல, அங்க போகவே இல்ல. அந்தக் கட்டியை எடுத்துட்டு, மறுபடி வயித்துலயே குடுத்துப் பாக்க எனக்கு ஒரு வழி இருக்கு. அவர் சொல்றதை வெச்சு மட்டும் நான் முடிவு பண்ண முடியாது. அட்டை வேற சொல்லுது. அங்க படுத்திருந்தது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

"நான்தான் சொல்லிட்டேனே டாக்டர்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் யோசித்தாள். பையின் காதைத் திருகினாள். என்னைப் பார்க்கவில்லை.

"மறுபடி குடுத்தா, அப்ப யாரு திருப்புவா?"

"சிஸ்டர். நானும் பக்கத்துல நிப்பேன்."

"இவர்?"

"வெளியில இருப்பார்."

"வலிக்கும்ல?"

"வலிக்கும். மயக்கம்கூட வரலாம். வந்தா பாத்துக்க நாங்க இருப்போம்."

 சிஸ்டர் கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தார். மகள் போய்த் தன் அம்மாவின் தோளில் கை வைத்தாள். நான் ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்க வைக்கலாமா என்று பார்த்தேன். 

என் மனைவி நிமிர்ந்து டாக்டரம்மாவைத்தான் பார்த்துச் சொன்னாள். வகுப்பில் விடை சொல்கிற குரல்.

"எழுதிக்கங்க டாக்டர். அவர் சொன்னது அத்தனையும் நடந்தது. முதல் நாள் ஒரே ஒரு தடவை திருப்பினார், அதோட சரி. எந்தக் கைமேல படுத்திருக்கோம்னு ஒருத்திக்குத் தெரியாம இருக்குமா? ரெண்டு தடவை கேட்டுப் பாத்தேன். மூணாவது தடவை கேக்கல. கேட்டா அவர் மூஞ்சியைப் பாக்கணும். அவ்வளவு பயந்த மூஞ்சியை நான் எங்கயும் பாத்ததில்ல. அதுக்குக் கண்ணை மூடிக்கலாம்னு மூடிக்கிட்டேன். நான் நல்லாத் தூங்கினேன்னு சொல்வார், அதை மட்டும் எழுதிக்காதீங்க. அந்தக் கட்டில்ல நான் ஒரு நாளும் தூங்கல."